விரல் நுனியில் ஒரு விளக்கு!

திருக்கோவிலூர் என்றதும் உலகளந்த பெருமாள் கோவில்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கூடவே மூன்று ஆழ்வார்களின் கதையும் நினைவுக்கு வரும்.

மழை கொட்டும் இரவு. கும்மிருட்டு. ஒரு வீட்டின் இடைகழியில் பொய்கையாழ்வார் ஒதுங்கிப் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்தார். "ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம்" என்று அவருக்கு இடம் கொடுத்தார். பிறகு பேயாழ்வார் வந்தார். இருவர் உட்காரும் இடத்தில் மூவர் நிற்கலாமே என்று மூவரும் எழுந்து நின்றார்கள். அப்போது நாலாவதாக யாரோ புகுந்து நெருக்குவது போல் இருந்தது. யார் என்று தெரியவில்லை. விளக்கு ஏற்றிப் பார்த்தார்கள். நெருக்கியவர் பெருமாள்!

அந்த விளக்கு எண்ணெய் விளக்கு அல்ல. பாட்டால் ஏற்றிய விளக்கு.

மனித உடம்பும் ஓர் இருட்டறைதான். உள்ளே ரத்தம் ஓடுகிறது. அந்த ரத்தத்தில் பிராணவாயு போதுமான அளவு இருக்கிறதா? வெளியே இருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. நோயாளிக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால், முன்பெல்லாம் ரத்தக்குழாயில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும். முடிவு வருவதற்குள் நோயாளியின் நிலைமை மாறிவிடும்.

இப்போது அந்த இருட்டறைக்கும் விளக்கு வந்துவிட்டது. அதை விரல் நுனியில் மாட்டுகிறார்கள்.

துணி கிளிப் மாதிரி

துவைத்த துணி பறக்காமல் இருக்கக் கொடியில் கிளிப் மாட்டுகிறோம் அல்லவா? இந்தக் கருவியும் பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் பருமன். உள்ளே இரண்டு சிறிய பாட்டரிகள். வாயைத் திறந்து விரலைக் கவ்வ விட்டால், சில வினாடிகளில் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று நாடித்துடிப்பு. மற்றொன்று ரத்தத்தில் உள்ள பிராணவாயுவின் அளவு. நல்ல சுகமாக இருப்பவருக்கு இது 95 முதல் 100 வரை இருக்கும்.

இதன் பெயர் பல்ஸ் ஆக்சிமீட்டர்.

2020-ம் ஆண்டுக்கு முன்பு இந்தப் பெயரைக் கேட்டவர்கள் குறைவு. ஆபரேஷன் அறையில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர்களுக்குத்தான் இது நெருங்கிய தோழன். கொரோனா வந்தது. பட்டிதொட்டி எங்கும் பெயர் பரவிவிட்டது. "உங்களுக்கு எவ்வளவு காட்டுகிறது?" என்று அண்டை வீட்டார் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். டெல்லியில், வீட்டிலேயே தங்கிச் சிகிச்சை பெற்ற கொரோனா நோயாளிகளுக்கு 2020 ஜூன் மாதத்தில் அரசே இந்தக் கருவியை வீட்டுக்கு அனுப்பியது.

ஏன் இவ்வளவு அவசரம்?

அந்த நோயில் ஒரு விசித்திரம் இருந்தது. நோயாளி கட்டிலில் உட்கார்ந்திருப்பார். பேசுவார். கைப்பேசியை நோண்டிக்கொண்டிருப்பார். மூச்சு வாங்காது. கருவியை விரலில் மாட்டினால் 80 என்று காட்டும்! டாக்டர்கள் திகைத்துப் போனார்கள். மூச்சுத் திணறல் தெரியாமலே பிராணவாயு இறங்கிக்கொண்டிருந்தது. திணறல் தொடங்கும்போது பலருக்குக் காலம் கடந்துவிட்டது. 94-க்குக் கீழே போனால் உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ரத்தத்தின் நிறம்

இவ்வளவையும் ஒரு சின்ன விளக்கு எப்படிச் சொல்கிறது?

இரவில் டார்ச் விளக்கின் முகப்பை விரல்களால் மூடிப் பாருங்கள். விரல் ஓரமெல்லாம் சிவப்பாக ஒளிரும். குழந்தைகளுக்கு இது நல்ல வேடிக்கை. வெள்ளை வெளிச்சத்தில் எல்லா நிறமும் இருக்கிறது. சதையும் ரத்தமும் மற்ற நிறங்களை விழுங்கிவிடுகின்றன. சிவப்பு மட்டும் தப்பித்து வெளியே வருகிறது. அதாவது, விரலைத் துளைத்துக்கொண்டு செல்லும் சக்தி சிவப்பு ஒளிக்கு உண்டு.

இனி ரத்தத்துக்கு வருவோம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்ற பொருள் இருக்கிறது. அது ஒரு வண்டி. அந்த வண்டியில் நாலே நாலு இடம். நுரையீரலில் பிராணவாயு ஏறி உட்காரும். கை, கால், மூளை என்று போய் இறங்கிக்கொள்ளும். பிராணவாயு ஏறிய ரத்தம் பளிச்சென்று செம்பருத்திப் பூ போல் இருக்கும். இறங்கிய ரத்தம் கருஞ்சிவப்பாக இருக்கும்.

கருவியின் மேல் தாடையில் இரண்டு விளக்குகள். ஒன்று சிவப்பு. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத ஒளி. டி.வி. ரிமோட்டின் முனையில் இருந்து வருகிறதே, அந்த இனத்தைச் சேர்ந்தது. அகச்சிவப்பு ஒளி என்று பெயர். இரண்டும் வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை மாறி மாறி எரிந்து அணைகின்றன. கீழ்த் தாடையில் ஓர் ஒளிக்கண் உட்கார்ந்து, எந்த ஒளி எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளக்கிறது.

பிராணவாயு நிறைந்த ரத்தம் சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். அகச்சிவப்பை அதிகம் பிடித்துக்கொள்ளும். பிராணவாயு இல்லாத ரத்தம் இதற்கு நேர்மாறு. ஆகவே இரண்டு ஒளியையும் ஒப்பிட்டால், நூறு இடத்தில் எத்தனை இடம் நிரம்பியிருக்கிறது என்று கணக்குப் போடலாம்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு சிக்கல். விரலில் ரத்தம் மட்டுமா இருக்கிறது? தோல், நகம், எலும்பு, சதை எல்லாம் இருக்கின்றன. அவையும் ஒளியை விழுங்குகின்றன. ஒருவர் விரல் மெலிந்திருக்கும். இன்னொருவர் விரல் தடித்திருக்கும். ஒளியை விழுங்கியது ரத்தமா, எலும்பா? அந்த ஒளிக்கண்ணுக்கு எப்படித் தெரியும்?

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஒரு ஜப்பானியர்.

தொல்லையே உதவி!

அவர் பெயர் தாகுவோ அவோயாகி. 1936-ல் நிகாதா என்ற மாநிலத்தில் பிறந்தவர். டாக்டர் அல்ல, இன்ஜினீயர். டோக்கியோவில் நிகோன் கோதன் என்ற மருத்துவக் கருவி கம்பெனியில் வேலை பார்த்தார்.

அவருக்கு முன்பே பலர் முயன்றிருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரின்போது, உயரே பறந்த விமானிகள் பிராணவாயு குறைந்து மயங்கினார்கள். அமெரிக்காவில் கிளென் மில்லிகன் என்பவர் அவர்களுக்காகக் காதில் மாட்டும் ஒளிக்கருவி ஒன்றைச் செய்தார். நோபல் பரிசு பெற்ற ராபர்ட் மில்லிகனின் மகன்தான் இவர். ஆக்சிமீட்டர் என்ற பெயரைச் சூட்டியவரும் இவரே. ஆனால் அந்தக் கருவியைப் பயன்படுத்துவது பெரும்பாடு.

1970-களின் தொடக்கத்தில் அவோயாகி தேடியது வேறொன்று. இதயம் எவ்வளவு ரத்தத்தை இறைக்கிறது என்று அளக்க விரும்பினார். ரத்தத்தில் ஒரு சாயத்தைச் செலுத்துவார்கள். காது மடலில் ஒளியைப் பாய்ச்சி, சாயம் எப்படிக் குறைகிறது என்று தாளில் கோடு வரைவார்கள். கோடு வழவழப்பாக இறங்க வேண்டும். இறங்கவில்லை! நாடி துடிக்கும் ஒவ்வொரு தடவையும் கோடு நடுங்கியது. அலை அலையாக வந்து அவருடைய கணக்கைக் கெடுத்தது.

இந்த நடுக்கத்தை ஒழிக்க ஒரு தந்திரம் செய்தார். இன்னொரு நிற ஒளியையும் சேர்த்துப் பாய்ச்சினார். இரண்டிலும் நடுக்கம் இருக்கும்; ஒன்றை மற்றொன்றால் கழித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். கழிந்தது. ஆனால் ரத்தத்தில் பிராணவாயு குறைந்தபோது மறுபடியும் நடுக்கம் தலைகாட்டியது.

வேறொருவராக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். அவோயாகியின் மூளையில் பளிச்சென்று ஒரு பொறி தட்டியது. பிராணவாயு மாறினால் நடுக்கம் மாறுகிறது. அப்படியானால் நடுக்கத்தைப் பார்த்தே பிராணவாயுவை அளக்கலாமே!

எலும்பு துடிப்பதில்லை. நகம் துடிப்பதில்லை. துடிப்பது இதயத்தில் இருந்து வரும் புது ரத்தம் ஒன்றே. வந்து சேரும் ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் நாடியோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. அந்தச் சின்னப் பங்கை மட்டும் பிரித்தெடுத்தால் போதும். விரல் மெலிந்ததா, தடித்ததா என்ற கவலை இல்லை.

1974-ல் அவர் இதை வெளியிட்டார். மறுவருடம் அவருடைய கம்பெனி காதில் மாட்டும் கருவி ஒன்றைச் செய்தது. அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. கம்பெனி அந்த ஆராய்ச்சியைக் கிடப்பில் போட்டது. 1980-களில் அமெரிக்கக் கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. சின்னஞ்சிறு மின்விளக்குகளைப் பொருத்தின. ஒரு கம்பெனி ஓசையையும் சேர்த்தது. பிராணவாயு குறையக் குறைய 'டிக் டிக்' சுருதி இறங்கும். டாக்டர் திரும்பிப் பார்க்காமலே காதால் ஆபத்தை அறியலாம். நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது, இந்தச் சுருதிதான் அவருக்குப் பதிலாகப் பேசுகிறது. 2008-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆபரேஷன் பாதுகாப்புப் பட்டியலில், இந்தக் கருவி நோயாளியின் உடலில் மாட்டப்பட்டு வேலை செய்கிறதா என்பதும் ஒரு கேள்வி.

அவோயாகி 84 வயது வரை வாழ்ந்தார். 2020 ஏப்ரல் 18-ந் தேதி இறந்தார். உலகமே அவருடைய கருவியைத் தேடி மருந்துக் கடைகளுக்கு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஓடியவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும்?

சென்னையில்...

அதே 2020-ல் சென்னையிலும் ஒரு வேலை நடந்தது.

கிண்டியில் உள்ள ஐ.ஐ.டி.யில் மருத்துவத் தொழில்நுட்பத்துக்கென்று தனி மையம் இருக்கிறது. அதன் தலைவர் பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம். அந்த மையமும் ஹெலிக்சான் என்ற கம்பெனியும் சேர்ந்து ஒரு கருவியை உருவாக்கின. விரலில் மாட்டும் சிறிய கருவி. உடல் சூடு, பிராணவாயு, மூச்சின் வேகம், நாடி ஆகிய நான்கையும் விடாமல் கவனிக்கும். கவனித்ததைக் கைப்பேசிக்கோ, ஆஸ்பத்திரியில் உள்ள பெரிய திரைக்கோ அனுப்பும். 2020 ஆகஸ்டில் அறிவித்தபோதே, ஆஸ்பத்திரிகளிலும் வீடுகளிலுமாக 2 ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு அது கொடுக்கப்பட்டிருந்தது. அப்போது அதன் விலை வகைக்குத் தக்கபடி ரூ.2,500 முதல் ரூ.10,000 வரை இருந்தது.

விடாமல் கவனிப்பது ஏன்? காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்த்தால் போதாதா?

போதாது. நோயாளி தூங்கும்போது பிராணவாயு இறங்கலாம். காலையில் 96 இருந்தவருக்கு நடுநிசியில் 88 ஆகலாம். நர்சு வந்து பார்க்கும் நேரமாகப் பார்த்து உடம்பு மோசமடைவதில்லை. மேலும், கொரோனா வார்டுக்குள் நர்சு ஒவ்வொரு தடவை நுழைவதும் அவருக்கே ஆபத்து. மேலங்கி, முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அடுத்த அறையில் இருந்தே பத்து நோயாளிகளைப் பார்க்க முடிந்தால் நர்சும் பிழைப்பார், நோயாளியும் பிழைப்பார்.

மலை மேலே

நகரத்துக்கு இது ஒரு வசதி. மலைக்கோ இது வழிகாட்டி.

திருக்கோவிலூருக்கு மேற்கே போனால் கல்வராயன் மலை. 2 ஆயிரம் அடி முதல் 4 ஆயிரம் அடி வரை உயரம். 2019 நவம்பரில் விழுப்புரத்தில் இருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. அரசு மருத்துவக் கல்லூரியும் 2022 ஜனவரி 12-ந் தேதி திறக்கப்பட்டது. ஆனால் கல்லூரி கீழே இருக்கிறது. மலைக்கிராமத்தில் குழந்தைக்கு இரவில் காய்ச்சல் வந்தால், வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையைக் கடந்துதான் வர வேண்டும். வண்டி போக வழியில்லாத குக்கிராமங்களில் தூளி கட்டித் தூக்கி வந்த சம்பவங்களும் உண்டு.

அந்தத் தாயின் முன்னால் நிற்கும் கேள்வி ஒன்றே ஒன்று. இப்போதே இறங்குவதா? விடியட்டும் என்று காத்திருப்பதா?

சளிக்காய்ச்சல் எல்லாக் குழந்தைக்கும் வரும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆனால் சில குழந்தைகளுக்கு அது நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆகிவிடும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். எப்படிப் பிரித்தறிவது? மூச்சை எண்ண வேண்டும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது எண்ணுவது முக்கியம். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு நிமிஷத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆபத்து. ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல். இது உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு. எந்தக் கருவியும் வேண்டாம். எந்தத் தாயும் எண்ணலாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி குழிந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம். உடனே புறப்பட வேண்டும்.

இந்த எண்ணிக்கையோடு விரல் விளக்கும் சேர்ந்தால் சந்தேகம் இன்னும் குறையும். கைக்குழந்தைக்கு விரலில் மாட்ட முடியாது. அதற்கென்று கால் பாதத்தில் சுற்றும் பட்டை இருக்கிறது. 90-க்குக் கீழே காட்டினால் பிராணவாயு கொடுத்தே ஆக வேண்டும். 2019 நவம்பரில் மத்திய அரசு குழந்தைகளின் நிமோனியாவை ஒழிக்க 'சான்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. சான்ஸ் என்றால் இந்தியில் மூச்சு. பிராணவாயு குறைந்த குழந்தையை இந்தக் கருவியால் கண்டுபிடிப்பதும் அந்த இயக்கத்தில் ஒரு பகுதி.

ஆனால் ஒன்று. கருவி வழியைத்தான் காட்டும். வண்டியும் சாலையும் கருவிக்குள் இல்லை.

விளக்கு ஏமாறும் இடங்கள்

இந்த விளக்கும் ஏமாறும். எங்கே ஏமாறும் என்று தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் ஆபத்து.

முதலில் சோகை. ஹீமோகுளோபினை நாலு இடம் உள்ள வண்டி என்று பார்த்தோம். ஊரில் நூறு வண்டி ஓட வேண்டிய இடத்தில் ஐம்பதுதான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஓடுகிற வண்டியில் எல்லா இடமும் நிரம்பியிருக்கிறது. கருவி என்ன சொல்லும்? 98 என்று சொல்லும்! வண்டியே குறைவு என்பது அதற்குத் தெரியாது. தமிழ்நாட்டில் பெண்களில் பாதிக்கு மேல் சோகை உள்ளவர்கள் என்கிறது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. களைப்பும் மூச்சு இளைப்புமாக இருக்கும் கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கருவி 98 காட்டிவிட்டது என்று சும்மா இருந்துவிடக் கூடாது. அவருக்கு வேண்டியது ரத்தப் பரிசோதனை.

அடுத்தது தோலின் நிறம். இது நம் நாட்டார் கவனிக்க வேண்டிய விஷயம். கருவி காட்டும் எண் எங்கிருந்து வந்தது? ஆரோக்கியமான ஆட்களைப் பிராணவாயு குறைந்த காற்றைச் சுவாசிக்கச் செய்து, அவர்கள் ரத்தத்தையும் எடுத்துச் சோதித்து, ஒளியின் அளவோடு பொருத்திப் பட்டியல் போட்டார்கள். அந்த ஆட்களில் வெளுத்த தோல் உள்ளவர்களே அதிகம். 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர்கள் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டியது. அதே வேளையில் ரத்தத்தை எடுத்துச் சோதித்தால் 88-க்கும் கீழே! இந்த ஏமாற்றம் வெள்ளையரில் நூற்றுக்கு 3.6 தடவை நடந்தது. கறுப்பு நிறத்தவரில் நூற்றுக்கு 11.7 தடவை. ஏறத்தாழ மூன்று மடங்கு. கறுப்புத் தோலில் உள்ள நிறப்பொருளும் ஒளியை விழுங்குகிறது என்பதே காரணம். பலவகை நிறத்தவரிடமும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025 ஜனவரியில் கருவி செய்வோருக்கு ஒரு வரைவு வழிமுறையை வெளியிட்டது. கருவிகள் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆன பிறகு!

நகப்பூச்சு இருந்தாலும் எண் தவறும். கை சில்லிட்டிருந்தால் விரலுக்கு ரத்தம் சரியாக வராது, எண் தவறும். விரல் ஆடினாலும் தவறும். ஆகவே ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்து, கையை உரசிச் சூடாக்கி, நெஞ்சு உயரத்தில் அசையாமல் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். மாட்டியவுடன் வரும் எண்ணை நம்பக் கூடாது. ஒரு நிமிஷம் பொறுத்து, எண் ஒரே இடத்தில் நிற்கும்போது குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு எண்ணைவிட, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசமே அதிகம் சொல்லும். நேற்று 98, இன்று காலை 96, மாலையில் 94 என்றால் அது படியில் இறங்கும் ஆளின் காலடி.

விலையிலும் ஏமாற்றம் நடந்தது. 2021-ல் மத்திய அரசு கணக்குப் பார்த்தபோது, இத்தகைய கருவிகளில் வியாபாரிகளின் லாபம் 709 சதவீதம் வரை போயிருந்தது தெரிந்தது. 70 சதவீதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று அந்த ஜூலையில் கட்டுப்பாடு வந்தது. அதற்குள் இரண்டாவது அலை வந்து போய்விட்டது.

கைக்கடிகாரம் சர்க்கரையைச் சொல்லுமா?

விரலில் இருந்த விளக்கு இப்போது மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. புது மாதிரிக் கைக்கடிகாரத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் பச்சை ஒளி மின்னும். மணிக்கட்டில் ஒளி ஊடுருவி மறுபக்கம் போக முடியாது. அதனால் பாய்ச்சிய பக்கத்திலேயே திரும்பி வரும் ஒளியை அளக்கிறார்கள். ரத்தம் பச்சையை நன்றாக விழுங்கும். ஆகவே நாடித்துடிப்பு பளிச்சென்று தெரியும்.

நாடியை எண்ணுவதில் இது கெட்டிக்காரத்தனமாகவே வேலை செய்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 4 லட்சத்து 19 ஆயிரம் பேருடைய கைக்கடிகாரங்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தியது. முடிவு 2019-ல் வெளிவந்தது. 2,161 பேருக்கு "உங்கள் நாடி சீராக இல்லை" என்று கடிகாரம் எச்சரித்தது. அவர்களில் 450 பேர் நெஞ்சில் பட்டை ஒட்டிச் சோதித்துக்கொண்டார்கள். நூற்றுக்கு 34 பேருக்கு இதயத் துடிப்புக் கோளாறு இருந்தது உறுதியானது. கவனியுங்கள்: மூன்றில் ஒருவருக்குத்தான்.

ஆனால் சந்தையில் இன்னொரு சரக்கும் கிடைக்கிறது. "ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம், கையில் கட்டினால் சர்க்கரை அளவு தெரியும்" என்று விளம்பரம். விலையும் மலிவு. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, சென்னை டாக்டர்கள் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆராய்ச்சி 2023-ல் தெரிவித்தது. வாங்க ஆள் இல்லாமலா போகும்?

இதை நம்பக் கூடாது. ஊசி குத்தாமல் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. காரணம் எளிது. ஹீமோகுளோபினுக்கு நிறம் இருக்கிறது. விளக்கு அதைக் கண்டுகொள்கிறது. சர்க்கரைக்கு அப்படி நிறம் இல்லை. தண்ணீரில் கரைத்த சர்க்கரையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? பொய்யான எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொண்டால் சில மணி நேரத்தில் மயக்கம், உயிருக்கே ஆபத்து.

ஒளியால் சர்க்கரையை அளக்கவே முடியாதா? முடியும். வேறு வழியில் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எவர்சென்ஸ் என்ற கருவிக்கு 2018-ல் அனுமதி கிடைத்தது. சின்ன மாத்திரைக் குப்பி போன்ற ஒரு குழல். நீளம் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. டாக்டர் மேல்கையில் சிறிதாகக் கீறி, அதைத் தோலுக்கு அடியில் வைத்துவிடுகிறார். குழலின் மேல் ஒரு ரசாயனப் பூச்சு. சர்க்கரை வந்து ஒட்டினால் அந்தப் பூச்சு ஒளிரும். சர்க்கரைக்கு நிறம் இல்லாவிட்டால் என்ன? நிறம் கொடுக்கும் பொருளை உள்ளேயே வைத்துவிட்டார்கள்! தோலுக்கு மேலே ஒட்டிய ஒரு வில்லை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்த ஒளியின் கணக்கை வாங்கிக் கைப்பேசிக்கு அனுப்புகிறது. நள்ளிரவில் சர்க்கரை இறங்கினால் வில்லை அதிர்ந்து எழுப்புகிறது.

முதலில் வந்த குழல் மூன்று மாதம்தான் உழைத்தது. 2022-ல் ஆறு மாதம் ஆனது. 2024 செப்டம்பரில் ஒரு வருஷம் உழைக்கும் குழலுக்கு அனுமதி கிடைத்தது. அதை வைத்துக்கொண்டவர்களும் ஆரம்ப நாட்களுக்குப் பிறகு வாரம் ஒரு தடவை விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கருவி சொல்வது சரிதானா என்று பார்த்துக்கொள்கிறார்கள்.